ஸ்வீனி டாட்: 1979, 2005, 2023. எந்தப் பதிவைக் கேட்பது?

மொட்டைமாடி ரேடியோ கேட்கிறார்:

ஸ்டீபன் சோண்ட்ஹைமின் இசை நாடகம் ஸ்வீனி டாட், பழிவாங்க லண்டன் திரும்பிக் கழுத்தறுக்கும் முடிதிருத்துபவனின் கதை, 2023-ல் நியூயார்க்கின் ப்ராட்வேயில் மறுபடி மேடையேறியதே, ஜாஷ் க்ரோபனும் அன்னாலீ ஆஷ்ஃபோர்டும் நடித்தது, அந்த ஆல்பத்தின் வழியாகத்தான் எனக்கு இந்த நாடகமே அறிமுகம். இப்போது பழைய பதிவுகளைத் தேடிப் பிடித்துக் கேட்கிறேன். 1979-ன் முதல் பதிவுக்கும் 2023-க்கும் ஆர்கெஸ்ட்ரேஷன், அதாவது எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று பிரித்து எழுதுவது, ஒருவரே, ஜொனாதன் டியூனிக். அப்படியிருந்தும் இரண்டும் ஏன் இவ்வளவு வேறாகக் கேட்கின்றன?

இன்னொன்று. 2005-ல் மைக்கேல் செர்வெரிஸும் பாட்டி லுபோனும் நடித்த பதிவு எனக்குப் பிடிபடவே இல்லை. மொத்தம் பத்து நடிகர்கள், வாத்தியங்களையும் அவர்களே வாசிக்கிறார்கள். ஸ்வீனி வெறிபிடித்துப் பாடும் 'எபிஃபனி' பாட்டில் அந்தப் பித்தளை வாத்தியங்களின் இரைச்சல் இல்லாமல் வெறும் எலும்புதான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் இதற்குத்தான் சாரா டிராவிஸுக்கு ஆர்கெஸ்ட்ரேஷனுக்கான டோனி விருது (ப்ராட்வே நாடகங்களுக்கான பெரிய விருது) கிடைத்திருக்கிறது. நான் எதைக் கேட்கத் தவறுகிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

கடைசி வரிசை கிளாரினெட்:

முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். 1979 பதிவைத் தயாரித்த தாமஸ் ஷெப்பர்ட் அதை வெறும் பாட்டுத் தொகுப்பாக விடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற நாடகமாகவே இரண்டு எல்பி தட்டுகளில் அடக்கினார். வசனம் இருக்கிறது, ஆர்கன் இருக்கிறது, ஆலைச் சங்கின் அலறல் இருக்கிறது. நேரம் போதாமல் மேடையில் வெட்டிய பகுதிகள்கூட அதில் உண்டு: நீதிபதி பாடும் 'ஜொஹானா' பாட்டு, சவரப் போட்டிக் காட்சியில் பல் பிடுங்கும் பகுதி. அதில் ஸ்வீனியாகப் பாடும் லென் காரியுவின் குரல் அழகான குரல் இல்லை, அது பாதி பேச்சு, பாதி உறுமல். க்ரோபனிடம் பாட்டு முதலில் வருகிறது, கொலைகாரன் பிறகுதான் வருகிறான். அதனால் அதே ஆர்கெஸ்ட்ரா 2023-ல் குரலைத் தாங்கிப் பிடிக்கிறது, 1979-ல் அது காரியுவைத் துரத்துகிறது. என் காதுக்கு 1979-தான் பயம் தருகிறது. ஆனால் உள் சுரங்கள் தெளிவாகக் கேட்பது 2023-ல்தான், அதையும் சொல்லியாக வேண்டும். மர வாத்தியங்கள் என்ன செய்கின்றன என்பதை அதில்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்க முடிகிறது.

இந்த நாடகத்தில் ஆர்கெஸ்ட்ரா பாட்டுக்குப் பின்னணி வாசிப்பதில்லை, பாத்திரங்களுக்குத் தெரியாததை நம்மிடம் சொல்கிறது. பெர்னார்ட் ஹெர்மனின் திரையிசை சோண்ட்ஹைமுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும், அந்தத் திகில்பட ரத்தம் இதில் ஓடுகிறது. 'நாட் வைல் ஐம் அரவுண்ட்' கேளுங்கள். டோபியாஸ் என்ற பையன், ஸ்வீனியின் கூட்டாளியான பை கடைக்காரி லவெட் அம்மாளிடம் "உன்னை யாரும் ஒன்றும் செய்ய விடமாட்டேன்" என்று பாடும்போது கீழே எல்லாம் சுத்தமாக, தாலாட்டு மாதிரி போகும். அதே மெட்டை அவள் திருப்பிப் பாடும்போது மேலே வயலின்கள் ஒட்டாத சுரங்களில் நெளிய ஆரம்பிக்கும். அவள் முகத்தில் சிரிப்பு, குரலில் பாசம், ஆனால் பையனை என்ன செய்யலாம் என்று யோசிக்கிறாள் என்பதை அந்த வயலின்கள் காட்டிக்கொடுத்துவிடும். இந்த இடத்தை மூன்று பதிவிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், நீங்கள் கேட்டதில் பாதிக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

2005 பற்றி எனக்கும் உங்கள் கருத்துதான். பார்க்க அருமையான தயாரிப்பு, பதிவாகக் கேட்கும்போது பாதி போய்விடுகிறது.

பழைய தட்டு:

கடைசி வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2005-ஐ டியூனிக்கின் சுருக்கப் பதிப்பு என்று நினைத்துக் கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இயக்குநர் ஜான் டாயில் இதை 2004-ல் இங்கிலாந்தில் நியூபரி பக்கம் வாட்டர்மில் என்ற சின்ன அரங்குக்காகச் செய்தார், அங்கே ஆர்கெஸ்ட்ரா உட்கார இடமே கிடையாது. ப்ராட்வேக்குக் கொண்டுவந்தபோதும் கதையை அதே மாதிரிதான் அமைத்தார்: மனநலக் காப்பகத்தில் அடைபட்டுக் கிடக்கும் டோபியாஸின் தலைக்குள் மொத்தமும் திரும்ப நடக்கிறது, மேடை நடுவில் ஒரு சவப்பெட்டி. ஒரு பையனின் நினைவுக்குள் இருபத்தாறு பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா எப்படி வரும்? எலும்பாக இருக்கிறது என்கிறீர்கள், அது எலும்பாகத்தான் இருக்க வேண்டும்.

யார் கையில் எந்த வாத்தியம் என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். ஸ்வீனியின் மகள் ஜொஹானாவும் அவளைக் காதலிக்கும் ஆந்தனியும் இரண்டு பேருமே செல்லோ வாசிக்கிறார்கள், அவர்கள் காதல் இரண்டு வில்களுக்கு நடுவில் நடக்கிறது. பிச்சைக்காரி கையில் கிளாரினெட். நீதிபதியிடம் டிரம்பெட். லவெட் அம்மாளாக லுபோன் டியூபாவைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஸ்வீனியிடம் கிட்டார். சாரா டிராவிஸ் செய்த வேலை, சுரங்களைக் குறைத்தது மட்டும் இல்லை. ஊதும் வாத்தியம் வைத்திருப்பவர் பாடும்போது அவர் வாத்தியம் மௌனமாகிவிடும், அப்போது வேறு பாத்திரம் அவருக்குத் துணைக்கு வாசிக்க வேண்டும். யார் யாருக்காக வாசிக்கிறார்கள் என்பதே அங்கே கதை. ஒவ்வொரு பாட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டு முடிப்பது சாதாரணப்பட்ட காரியமா? அந்த விருதுக்கு முழுத் தகுதி உண்டு.

இரண்டாம் பாதியில் வரும் 'ஜொஹானா' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மகளை நினைத்து ஸ்வீனி அமைதியாகப் பாடிக்கொண்டே ஒவ்வொரு கழுத்தாக அறுக்கிறான், மெட்டு ஒரு இடத்தில்கூடத் தடுமாறாது. பெரிய ஆர்கெஸ்ட்ராவில் அது அழகாக இருக்கிறது. இங்கே தந்தி வாத்தியங்கள் அவ்வளவு பக்கத்தில் ஒலிப்பதால் அவன் நம் காதருகே நின்று பாடுகிற மாதிரி இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் நடுக்கம் தருகிறது.

மொட்டைமாடி ரேடியோ:

செல்லோ விஷயம் தெரியாமல்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி போடுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம், இது கலைக்காகச் செய்ததா, செலவைக் குறைக்கச் செய்ததா?

சனிக்கிழமை மேட்னி:

இரண்டும் உண்டு, பிரித்துப் பார்க்க முடியாது. 2003 மார்ச்சில் ப்ராட்வே இசைக்கலைஞர்கள் சில நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு அரங்கிலும் குறைந்தது இத்தனை பேர் வாசிக்க வேண்டும் என்ற விதியைத் தயாரிப்பாளர்கள் எடுக்கப் பார்த்ததுதான் காரணம். கடைசியில் பெரிய அரங்குகளில் அந்த எண்ணிக்கை 24, 26 என்பதிலிருந்து 18, 19 என்று இறங்கியது. அது நடந்து இரண்டே வருடத்தில் வாத்தியக்காரர்களே தனியாக இல்லாத ஒரு நாடகம் வந்து, அடுத்த வருடமே விருதும் வாங்கினால் வாசிக்கிறவர்களுக்கு வயிறு கலங்கத்தானே செய்யும். டாயிலும் டிராவிஸும் செய்தது நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, யோசனையே இல்லாமல் ஆளைக் குறைத்த தயாரிப்புகள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்தப் பின்னணியில் 2023-ல் டியூனிக்கின் 26 பேர் ஆர்கெஸ்ட்ராவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தது பெரிய விஷயம். நிகழ்ச்சிக்குச் செய்த விளம்பரத்திலேயே அதைத்தான் முன்னால் வைத்தார்கள்.

கடைசி வரிசை கிளாரினெட்:

பழைய தட்டு சொன்னபடி செல்லோக்களை மனதில் வைத்து 2005-ன் ஜொஹானாவை இன்னொரு தடவை கேட்டேன். அந்த ஒரு பாட்டில் அவர் பக்கம்தான் நியாயம். எபிஃபனியில் நான் இறங்கிவர மாட்டேன், அதற்கு டிராம்போன் வேண்டும்.

ரேடியோ, நீங்கள் 2000-ல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் செய்த கச்சேரிப் பதிவையும் விட்டுவிடாதீர்கள். ஜார்ஜ் ஹெர்ன் ஸ்வீனி, லவெட் அம்மாள் அங்கேயும் லுபோன்தான். பின்னால் முழு சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோடு அவர் பாடுவதைக் கேட்டுவிட்டு, அதே 'வொர்ஸ்ட் பைஸ் இன் லண்டன்' பாட்டை 2005-ல் போடுங்கள்.