மேவன் போட்டும் எம்விஎன் கமாண்ட் வரவில்லை, அவசரம்

கடைமடை மாணவி, திருத்துறைப்பூண்டி: வணக்கம். ஜாவா ப்ராஜெக்டை பில்ட் செய்கிற மேவன் டூலைப் போட்டு, கமாண்டை எந்த ஃபோல்டரில் தேடுவது என்று சொல்கிற பாத்தும் கொடுத்துவிட்டேன். மேவனை ஓட்டுகிற எம்விஎன் என்று அடித்தால் அப்படி ஒரு கமாண்டே இல்லை என்கிறது. திங்கட்கிழமை ப்ராஜெக்ட் ரிவ்யூ. நெல் கொள்முதல் நிலையத்தில் டோக்கன் வரிசை எங்கே நிற்கிறது என்று விவசாயிகள் வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி செய்திருக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

வெண்ணாற்று அக்கா: விண்டோஸா, உபுண்டுவா, மேக்கா? ஜாவா எந்தப் பதிப்பு? எரரை அப்படியே ஒட்டுங்கள்.

குடந்தைக்காரன்: இது ஆன்டிவைரஸ் வேலைதான். ஜிப்பைப் பிரிக்கும்போதே சில ஃபைல்களைத் தூக்கிவிடும். அணைத்துவிட்டு மறுபடி பிரியுங்கள்.

அரசலாறு: அதை அணைக்கச் சொல்லாதீர்கள். பாத் மாற்றியபின் பழைய கமாண்ட் ப்ராம்ப்டிலேயே அடித்திருப்பார். திறந்தபோது இருந்த பாத்தைத்தான் அது வைத்திருக்கும். மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும்.

மன்னை சீனியர்: இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்தாயிற்று, பழைய இழையைத் தேடிப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. மேவனுக்கு இன்ஸ்டாலர் கிடையாது, ஜிப்பைப் பிரித்து வைப்பதுதான் இன்ஸ்டால். அது ஜாவாவில் எழுதியது, ஜேடிகே, அதாவது ஜாவா நிரல் எழுதுவதற்கான தொகுப்பு, இல்லாமல் ஓடாது. மேவன் 3.9-க்கு ஜாவா 8 போதும், மேவன் 4-க்கு 17 வேண்டும். தலைமதகு திறந்ததா என்று பார்க்காமல் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யார் என்ன சொல்வது?

கடைமடை மாணவி: விண்டோஸ் 10 சார். ஜாவா 17 இருக்கிறது. புதிதாகத் திறந்தும் அதே எரர்தான்.

நாகை டெவ்: விண்டோஸை விடுங்கள். உபுண்டுவில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் மேவன்', ஒரே வரி. மேக்கில் 'ப்ரூ இன்ஸ்டால் மேவன்'. இந்த ஆப்ட்டும் ப்ரூவும் மென்பொருளைத் தாமே இறக்கி வைக்கும், பாத் தொல்லையே கிடையாது.

அரசலாறு: ரிவ்யூவை வைத்துக்கொண்டு ஓஎஸ் மாற்றவா? ஆப்ட்டில் வருவது பழைய பதிப்பு, உபுண்டு 22.04-இல் 3.6.3. ப்ரூ தனக்கென்று ஒரு ஜேடிகேவையும் சேர்த்து இழுத்துவரும். அப்புறம் 'ஜாவா -வெர்ஷன்' ஒன்று சொல்லும், 'எம்விஎன் -வி' வேறொன்று சொல்லும்.

நாகை டெவ்: கல்லூரி ப்ராஜெக்டுக்கு 3.6.3-இல் என்ன குறை? ஜிப்பைக் கையால் பிரித்து வைத்தால் அப்டேட் யார் பார்ப்பது?

குடந்தைக்காரன்: அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்கிற இந்திய லினக்ஸும் இருந்தது. அதைப் பள்ளியிலேயே பழக்கியிருந்தால் இந்தப் பேச்சே வராது.

வெண்ணாற்று அக்கா: அந்தச் சண்டை அப்புறம். ஏம்மா, மேவன் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உள்ளே 'பின்' என்று ஒரு ஃபோல்டர், அதில் 'எம்விஎன்.சிஎம்டி' இருக்கிறதா?

கடைமடை மாணவி: 'பின்' ஃபோல்டர் இல்லை அக்கா. மேவன்-கோர், மேவன்-மாடல், மேவன்-எம்பெடர், பாம்.எக்ஸ்எம்எல் என்று இருக்கிறது. இங்கே நெட் ரொம்ப மெதுவு, தோழி பென்டிரைவில் கொடுத்தது.

வெண்ணாற்று அக்கா: அது சோர்ஸ் ஜிப், மேவனின் மூல நிரல் மட்டும், அப்படியே ஓடாது. பெயர் 'எஸ்ஆர்சி' என்று முடிந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது 'பின்.ஜிப்', 10 எம்பிகூட வராது, மொபைல் டேட்டாவிலேயே இறக்கிவிடலாம். பாத்தில் மேவனின் 'பின்' ஃபோல்டர் வரை கொடுங்கள். ஜேடிகே எங்கே என்று சொல்கிற ஜாவா ஹோம் செட்டிங் மட்டும் ஜேடிகே ஃபோல்டரோடு நிற்க வேண்டும். அங்கேயும் 'பின்' சேர்த்தால் ஜாவா ஹோம் சரியில்லை என்று அடுத்த எரர் வரும்.

மன்னை சீனியர்: ஜிப்பைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

ஐயாறன்: இன்னொன்று. முதல் பில்டில் ப்ளகின், லைப்ரரி எல்லாவற்றையும் மேவன் சென்ட்ரல் என்கிற நெட் கிடங்கிலிருந்து இறக்கும். மெதுவான நெட்டில் பாதியில் நின்றுவிடும். தோழியின் கணினியில் இதே ப்ராஜெக்டை ஒரு முறை பில்ட் செய்யச் சொல்லுங்கள். அவர் யூசர் ஃபோல்டரில் '.எம்2' என்று இருக்கும். அதிலுள்ள ரெபாசிட்டரியை அப்படியே பென்டிரைவில் எடுத்து வந்து உங்கள் .எம்2-வில் போட்டு, 'எம்விஎன் -ஓ பேக்கேஜ்' கொடுங்கள். நெட்டைத் தேடாமல் ஓடும்.

கடைமடை மாணவி: எம்விஎன் -வி வந்துவிட்டது!! நன்றி அக்கா. .எம்2 வாங்க இப்போதே தோழி வீட்டுக்குக் கிளம்புகிறேன்.

நாகை டெவ்: ரிவ்யூ முடிந்ததும் உபுண்டு போட்டுப் பாருங்கள், சொல்லித் தருகிறேன்.

பூம்புகார் 07: எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் மேக். ப்ரூவே தெரியாது என்கிறது. உதவுங்கள்.

அரசலாறு: இன்டெல் சிப் மேக்கா, ஆப்பிளின் எம் வரிசை சிப்பா? எம் என்றால் ப்ரூ '/opt/homebrew' ஃபோல்டரில் இருக்கும். அதற்குள் இருக்கிற 'பின்' ஃபோல்டர் பாத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.