கஹேந்திரா ரைஃபிளைச் சுடலாமா, சுவரில் மாட்டலாமா?

கரிப்புகை

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். ஒரு தீராத வழக்கை இங்கே கொண்டுவருகிறேன், திட்டினாலும் பரவாயில்லை.

என்னிடம் நேபாளத்து கஹேந்திரா ரைஃபிள் ஒன்று இருக்கிறது. தெரியாதவர்களுக்கு: காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். அங்கே தலைமுறைகளாகத் தூசியில் கிடந்த பல்லாயிரம் துப்பாக்கிகளை 2003 வாக்கில் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கி வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை போட்ட பிரௌன் பெஸ் மஸ்கெட், ஆங்கிலேயப் பட்டாளத்தின் மார்ட்டினி ஹென்றி ரைஃபிள் என்று என்னென்னவோ. அதில் ஒரு ரகம் இந்த கஹேந்திரா. ஜெனரல் கஹேந்திர ஷம்ஷேர் ராணா 1880களில் வடிவமைத்து நேபாளத்திலேயே கையால் செய்ய வைத்தது. வெளியே பார்த்தால் மார்ட்டினி மாதிரியேதான், உள்ளே திறந்தால் வேறு கதை. மார்ட்டினியில் சுருள் வில், இதில் பட்டை வில்.

விற்றவர்கள் "சுடுவதற்கானது அல்ல" என்று எழுதித்தான் கொடுத்தார்கள். ஆனால் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால், குண்டைச் சுழல வைக்கும் வரிகள் கத்தி மாதிரி நிற்கின்றன. அந்தக்காலத்துப் புகை விடும் கரிமருந்து போட்டு, ஐந்தே ஐந்து தோட்டா. அவ்வளவுதான் ஆசை. என்ன சொல்கிறீர்கள்?

லேத் மணி

தம்பி, நான் கோயம்புத்தூர்க்காரன். துப்பாக்கி பிடித்ததே இல்லை. நாற்பது வருஷமாக இரும்போடுதான் பிழைப்பு. அதனால் ஒரே ஒரு கேள்வி: தோட்டாவுக்குப் பின்னால் குழலை அடைக்கிற அந்தப் பூட்டுக்கட்டை என்ன இரும்பு, அதை எந்தச் சூட்டில் பதம் வைத்தார்கள்? உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. செய்த கொல்லருக்கும் நிறம் பார்த்துத்தான் தெரியும். அப்புறம் வரி கத்தி மாதிரி இருந்தால் என்ன, கரண்டி மாதிரி இருந்தால் என்ன? உடைவது வரி இல்லை.

வட்டக்குறி

மணி சார், மரியாதையோடு மறுக்கிறேன். நான் ஒஹாயோவில் மார்ட்டினி ஹென்றி மார்க் 2 ஒன்றைப் பல வருஷமாகச் சுடுகிறேன். அதுவும் அதே காத்மாண்டுக் கிடங்கிலிருந்து வந்ததுதான். அதற்கான 577/450 தோட்டா கடையில் சுலபமாகக் கிடைக்காது. 24 கேஜ் பித்தளைத் தோட்டாக் கூட்டை வாங்கி, அச்சில் அழுத்திக் கழுத்தைச் சுருக்கி நானே செய்துகொள்கிறேன். கூடு பெரிசு, மருந்து கொஞ்சம்தான். அன்றைய அளவு 85 கிரெய்ன், கிராமில் ஐந்தரை. அது கூட்டை நிரப்பாது. மேலே இடம் விட்டால் ஆபத்து. அதனால் இலவம் பஞ்சைத் திணித்து, தேன்மெழுகுத் தட்டு ஒன்று வைத்து, 31 கிராம் ஈயக் குண்டை ஏற்றுவேன். ஆமாம், நம் தலையணையில் இருக்கிற அதே இலவம் பஞ்சுதான். அம்மா போனில் கேட்டுவிட்டு "அங்கே போய் தலையணையா தைக்கிறாய்" என்றார்.

லீவரை இறக்கினால் பூட்டுக்கட்டையின் முன்பக்கம் சாய்ந்து வழி விடும். கட்டை விரலால் தோட்டாவைத் தள்ளி லீவரை ஏற்று. விசையை இழுத்தால் தோளில் கிடைப்பது அடி இல்லை, தள்ளு. ஒரு கனமான ஆள் தோளில் கை வைத்து நகர்த்துவது மாதிரி. அப்புறம் மூன்று விநாடி ஒன்றும் தெரியாது, வெள்ளைப் புகை. தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்டில், ஜூலுக்களோடு நடந்த சண்டையில், 1879 ஜனவரி 22 இரவு முழுக்க மார்ட்டினியோடு நின்ற அந்த நூற்றைம்பது பேர் என்ன பார்த்தார்கள் என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை, அந்தப் புகை சொன்னது. அவர்கள் பாதி நேரம் எதையுமே பார்த்திருக்க மாட்டார்கள்.

சுடாத துப்பாக்கி, வாசிக்காத வீணை. கரிப்புகை, சுடுங்கள்.

லேத் மணி

வீணை தந்தி அறுந்தால் விரலில் கீறல். இது அறுந்தால் கன்னத்தில் இரும்பு.

நீங்கள் சுடுவது இங்கிலாந்தின் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் சோதனை போட்டு முத்திரை குத்தி வெளியே வந்த சாமான். அவர் கேட்பது வேறு. சரி, பெரிய தொழிற்சாலைக் கதையே சொல்கிறேன், மகன் படிக்கக் கொடுத்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிள். எட்டு லட்சத்துக்குக் கீழே வரிசை எண் இருந்தால் சுடாதே என்று இன்றும் சொல்கிறார்களே, ஏன்? அரசாங்கத் தொழிற்சாலை, அனுபவஸ்தர்கள், எல்லாம் இருந்தும் உலைச் சூட்டைக் கண்ணால் பார்த்து முடிவு செய்தார்கள். வெயில் நாளில் செக்கச் சிவந்த இரும்பு மங்கலாகத் தெரியும், இன்னும் சூடு ஏற்றிவிடுவார்கள். மேக மூட்டத்தில் சரியாக வரும். இரும்பு எரிந்து, கண்ணாடி மாதிரி நொறுங்கும் பதத்துக்குப் போய்விட்டது. 1917ல் சில உடைந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள், 1918ல் பதம் வைக்கும் முறையையே மாற்றினார்கள். அங்கேயே அப்படி என்றால் காத்மாண்டு உலையில் வெயில் அடிக்கவில்லையா?

வட்டக்குறி

நல்ல பாயிண்ட்தான், ஆனால் அது பிற்காலத்துப் புகையில்லா மருந்து. ஸ்பிரிங்ஃபீல்டின் 30-06 தோட்டா கொடுக்கும் அழுத்தம் வேறு, கரிமருந்து வேறு. அதைவிட மிகக் குறைவு. எட்டு லட்சத்துக்குக் கீழே உள்ள ஸ்பிரிங்ஃபீல்டுகளிலும் பெரும்பாலானவை உடையவே இல்லை.

லேத் மணி

பெரும்பாலான பேருந்துகளும் கவிழ்வதில்லை. பிரேக் இல்லாத பேருந்தில் ஏறுவீர்களா?

பெட்டகம்

உடையுமா உடையாதா என்றே இருவரும் பேசுகிறீர்கள். என் கவலை வேறு. நான் டொராண்டோவில் உலோகப் பொருட்கள் பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கிறேன். சொல்லப்போனால், ஐந்து தோட்டா சுடுவதைவிட அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் செய்யப்போகிற சுத்தம்தான் பெரிய சேதம்.

கஹேந்திராவின் மதிப்பே அதன் அரத் தடங்கள்தான். ஒன்றின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது, ஒவ்வொன்றும் கையால் ராவிப் பொருத்தியது. அதனால்தான் உறுப்புகளில் தேவநாகரி எண் வெட்டியிருப்பார்கள், எது எதோடு சேரும் என்று தெரிய. சுடுவதற்கு ஆசைப்பட்டவர் முதலில் என்ன செய்வார்? மின் மோட்டாரில் கம்பிச் சக்கரத்தை மாட்டிப் பளபளவென்று தேய்ப்பார். நூறு வருஷத்துக் கொழுப்பும் தூசியும் போகும், கூடவே எண்ணும் அரத் தடமும் போகும். நான் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். எவர்சில்வர் டம்ளர் மாதிரி இருந்தது.

சுட்ட பிறகு? கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும், ஒரே இரவில் துரு. எண்ணெய் மட்டும் போட்டால் போகாது, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மரக்கட்டையைக் கழற்றாமல் தண்ணீர் ஊற்றினால் இரும்பும் மரமும் சேரும் இடத்தில் போய் உட்காரும். கழற்றினால் அந்தத் திருகுகள் கையால் மரை வெட்டியவை, ஒன்று கெட்டால் உலகத்தில் இன்னொன்று கிடையாது.

லண்டன் பொடியன்

இஞ்சை சட்டமே உங்கட வழக்குக்குத் தீர்ப்பு எழுதி வைச்சிருக்கு அண்ணை. என்னட்ட ஒரு மார்ட்டினி மார்க் 4 இருக்கு, நீள லீவர். 577/450 வழக்கொழிந்த தோட்டாப் பட்டியலில இருக்கிறதால, அதை ஒரு பழம்பொருளா, அலங்காரத்துக்கு வைச்சிருந்தா லைசென்ஸ் தேவையில்லை. ஆனா சுடுற எண்ணத்தோட வைச்சிருந்தால், அதே துவக்கு, அதே சுவர், லைசென்ஸ் வேணும். இரும்பு மாறேல்லை, என்ர எண்ணம்தான் மாறினது! எண்ணத்துக்கு லைசென்ஸ் கேக்கிற நாடு இது.

அமெரிக்காவில 1898க்கு முந்தினதெண்டால் பழம்பொருள், சுட்டாலும் சுடாட்டியும் ஒண்டுதான் எண்டு கேள்விப்பட்டன். சரியோ?

கரிப்புகை

கூட்டாட்சிச் சட்டப்படி சரி. 1898 அல்லது அதற்கு முன் செய்ததென்றால் பழம்பொருள், வாங்க விற்க உரிமம் தேவையில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அது வேறு.

மணி அண்ணா கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம் 45ஆவது பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு, ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான். ஊரில் தாத்தாவின் பழைய துப்பாக்கி பரணில் இருக்கிறது என்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தைரியமாக இருந்துவிடாதீர்கள். வக்கீலைப் பாருங்கள்.

வெண்புறா77

கொல்வதற்குச் செய்த பொருளை வைத்து இவ்வளவு கொஞ்சல் தேவையா? உருக்கி மண்வெட்டி செய்யலாம்.

லேத் மணி

செய்யலாம். அந்த இரும்பில் மண்வெட்டி செய்தால் அதுவும் உடையும்.

மலைக்காற்று

வெண்புறாவின் கேள்வியை அப்படித் தள்ளிவிட வேண்டாம் என்று நினைக்கிறேன். இந்தத் துப்பாக்கி ஏன் பிறந்தது என்று பாருங்கள். 1857க்குப் பிறகு ஆங்கிலேயர்களுக்கு ஒரு பயம். இந்தியச் சிப்பாய்களின் கையில் எப்போதும் ஒரு தலைமுறை பழைய ஆயுதம்தான். வெள்ளைக்காரன் கையில் மார்ட்டினி இருந்தபோது நம் ஆட்களின் கையில் ஸ்னைடர். நேபாளம் தனி நாடு, கூர்க்காக்களைப் பட்டாளத்துக்குக் கொடுத்த நாடு. அவர்களுக்கும் ஆயுதம் போவதை ஆங்கிலேயர்கள் அளந்து அளந்துதான் விட்டார்கள். காசு இருந்தும் இஷ்டப்பட்டதை வாங்க முடியாது.

அதனால் மார்ட்டினியைப் பார்த்துத் தாங்களே செய்தார்கள். அதே கஹேந்திரர் பீரா துப்பாக்கி என்று இரட்டைக் குழல் வைத்துக் கையால் சுற்றிச் சுடும் பீரங்கி மாதிரி ஒன்றும் செய்தார், கார்ட்னர் என்ற அந்தக்கால இயந்திரத் துப்பாக்கியின் சாயலில், மேலே வட்டத் தட்டுத் தோட்டாப் பெட்டியோடு. இதையெல்லாம் வெறும் "நகல்" என்று சேகரிப்பாளர்கள் ஏளனமாகப் பேசும்போது எனக்குக் கோபம் வரும். மார்ட்டினியைச் செய்தது தொழிற்சாலை, கஹேந்திராவைச் செய்தது ஆங்கிலேயரின் தடை என்றே சொல்வேன்.

அதனால் என் ஓட்டு: சுடக்கூடாது. அது ஓர் ஆவணம். ஓலைச்சுவடியில் மளிகைக் கணக்கு எழுதுவீர்களா?

வட்டக்குறி

உணர்ச்சியாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே வாதத்தை நான் திருப்பிப் போடலாமே. தடையை மீறிச் செய்தார்கள் என்று பெருமைப்படுகிறீர்கள். அது சுட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள மட்டும் பயப்படுகிறீர்கள். செய்த கொல்லர்கள் சுவரில் மாட்டவா செய்தார்கள்? நம்பிச் செய்தார்கள். நாம்தான் நம்ப மறுக்கிறோம். "நேபாளி செய்தது, உடைந்துவிடும்" என்பதும் ஒருவகை ஏளனம்தான்.

மலைக்காற்று

இது கொஞ்சம் குத்துகிறது. யோசிக்கிறேன்.

லேத் மணி

ஏளனம் இல்லை வட்டக்குறி சார். என் அப்பா செய்த அரிவாள் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஐம்பது வருஷம். அவர் கை மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. என்ன இரும்பு, என்ன பதம் என்று தெரியாத கட்டையின் மேல்தான் நம்பிக்கை இல்லை.

லண்டன் பொடியன்

முதல்ல அது உண்மையான கஹேந்திராவோ எண்டு பாத்தாச்சோ? ஏனெண்டால் கைபர் கணவாய்ப் பக்கம், தாரா ஆதம் கேல் போன்ற ஊர்களில, பட்டறையில செய்த மார்ட்டினிகள் ஆயிரக்கணக்கில உலாவுது. ஆப்கானிஸ்தானுக்குப் போன ஆமிக்காரர் ஆளுக்கொண்டு வாங்கிக்கொண்டு வந்தவை. முத்திரையைப் பாத்தால் சிரிப்பு வரும். ஆங்கில எழுத்துத் தலைகீழா இருக்கும். மகுடத்துக்குக் கீழ விக்டோரியா ராணியின்ர எழுத்து, பக்கத்தில 1905! ராணி 1901 ஜனவரியில போய்ச் சேந்திட்டா. அதைச் சுட நினைச்சால் மணி அண்ணை சொன்ன கன்னத்து இரும்புதான்.

கரிப்புகை

தேவநாகரி எழுத்து இருக்கிறது, கிடங்குத் தொகுதியிலிருந்தே வந்தது, சந்தேகம் இல்லை.

சரி, சனிக்கிழமை ஒரு வேலை செய்தேன். செரோசேஃப் என்று ஓர் உலோகக் கலவை இருக்கிறது. கொதிநிலைக்கு முன்னாலேயே, வெந்நீர்ச் சூட்டிலேயே உருகும். குழலில் ஒரு துணியடைப்பு வைத்து, தோட்டா உட்காரும் அறையில் அதை ஊற்றினேன். ஆறியதும் முதலில் சுருங்கும், அப்போது தட்டி எடுத்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் மறுபடி விரிந்து அறையின் சரியான அளவுக்கு வரும். கையில் வெள்ளி விளக்குத் தண்டு மாதிரி கனத்தது.

வெர்னியரில் அளந்தேன். வாய்ப்பக்கம் மார்ட்டினி அளவைவிடப் பெரிசு. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு பக்கமாக அளந்தால் ஒரு அளவு, குறுக்கே அளந்தால் வேறு. வட்டமே இல்லை. கையால் குடைந்தபோது கருவி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வட்டக்குறி அனுப்பிய பித்தளைக் கூட்டை உள்ளே போட்டால் தட்டாமல் போகிறது, ஆனால் ஆடுகிறது. சுட்டால் ஒரு பக்கம் உப்பிக் கிழியும்.

வட்டக்குறி

ஒரு பக்கம் உப்பினாலும் கரிமருந்தில் தாங்கும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். பழைய லாரி டயரில் கட்டி, ஐம்பதடிக் கயிறு விசையில் மாட்டி, மண்மேட்டுக்குப் பின்னால் நின்று இழுங்கள். முகத்துக்கு ஒன்றும் ஆகாது.

பெட்டகம்

முகத்துக்கு ஆகாது. ரைஃபிளுக்கு?

கரிப்புகை

அங்கேதான் நின்றேன். கயிறு கட்டிச் சுடுவதென்றால் தோளில் தள்ளும் கிடையாது, புகையும் எனக்கு இல்லை. அப்புறம் நான் எதற்கு? மார்க் 4 ஒன்று வாங்கி அதைச் சுடப்போகிறேன். வட்டக்குறி, கூடு செய்யும் அச்சை விற்பதாக இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். கஹேந்திரா சுவருக்குப் போகிறது. துணியால் துடைத்து மெழுகு மட்டும் பூசுகிறேன், பெட்டகம் அக்கா சொன்னபடி. கம்பிச் சக்கரம் கிட்டே வராது.

வட்டக்குறி

அச்சு தருகிறேன். தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை.

லேத் மணி

அந்த வார்ப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி. பக்கவாட்டில் விளக்கு வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். குடைந்த கருவியின் கோடு அதில் பதிந்திருக்கும். கையால் சுற்றினாரா, தண்ணீர்ச் சக்கரத்தில் ஓட்டினாரா என்று பார்த்துச் சொல்லிவிடுவேன்.