அமெரிக்காவில் ஓட்டுப் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். அரசியல் அறிவியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். அமெரிக்கத் தேர்தல் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

2016-இல் ஹிலாரி கிளிண்டன் டிரம்ப்பைவிட ஏறக்குறைய 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றார். காரணம், அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாக அமையும் தேர்வாளர் குழுதான் (Electoral College). அதன் 538 பேரில் 270 பேர் ஆதரவு கிடைத்தவரே அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரு ஓட்டு முந்தியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும். (2000-இல் ஃப்ளோரிடாவையும் அதோடு அதிபர் பதவியையும் புஷ்ஷுக்குக் கொடுத்தது வெறும் 537 ஓட்டு!)

சரி, அது கணக்கு. எனக்கு உறுத்துவது வேறு. 1992-இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீத ஓட்டு வாங்கினார். தேர்வாளர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அப்புறம் மூன்றாவது ஆளுக்கு யார் துணிந்து ஓட்டுப் போடுவார்கள்?

அங்கே குடியுரிமை பெற்ற அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்: வாக்காளராகப் பதியும்போதே கட்சியையும் கேட்கிறார்களாமே, உங்கள் மாநிலத்திலும் அப்படித்தானா? எந்தக் கட்சியும் வேண்டாம் என்றால் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் விடுகிறார்களா? கலிபோர்னியா மாதிரி முடிவு முன்பே தெரிந்த இடத்தில் இருப்பவர்கள் என்ன நினைத்து வாக்குச்சாவடிக்குப் போகிறீர்கள்?

யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்க மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி.