எடுக்காத சிக் லீவு ஓய்வுபெறும்போது என்ன ஆச்சு? உங்க அனுபவம் சொல்லுங்க

கொருக்குப்பேட்டையிலிருந்து, ரயில்வே ஓய்வு:

34 வருஷ சர்வீஸ். நான் சிக்கில் போனது ரொம்பக் குறைவு. வருஷத்துக்கு 20 நாள் வீதம் ஏறும் அரைச் சம்பள லீவு, அதான் எல்.எச்.ஏ.பி., 520 நாள் அப்படியே கிடந்தது. அமெரிக்காவில் அரசு வேலையில் இருக்கும் அக்கா மகன், "மாமா, இங்கே மிச்ச சிக் லீவை சர்வீஸோடு சேர்ப்பாங்க. 2087 மணி நேரம் இருந்தா ஒரு வருஷம்" என்றான். அதை நம்பி செட்டில்மென்ட் செக்‌ஷனில் போய் நின்றேன். கிளார்க் சிரித்துவிட்டார். "சார், இங்கே பென்ஷன்ல ஒரு நாள்கூட ஏறாது."

சரி, காசாவது? முழுச் சம்பள லீவான எல்.ஏ.பி.யும் எல்.எச்.ஏ.பி.யும் சேர்ந்தே 300 நாள்தான் உச்சம். எனக்கு எல்.ஏ.பி.யே 300 நிரம்பியிருந்தது. 520 நாளும் கோவிந்தா! என்னோடு ரிட்டயரானவர் மகள் கல்யாணம், வீடு என்று எல்.ஏ.பி.யைக் கரைத்து 180-இல் வைத்திருந்தார். குறைந்த 120 நாளுக்கு அவருடைய எல்.எச்.ஏ.பி. காசானது, அரைச் சம்பளமும் அதற்கான பஞ்சப்படியும்தான், ஆனாலும் லீவையும் அனுபவித்துவிட்டாரே மனுஷன்.

ராயபுரத்திலிருந்து:

அண்ணே, உங்க அக்கா மகன் பாதிதான் சொல்லியிருக்கார். அங்கேயும் அந்த நாட்கள் ரிட்டயராகும் தகுதிக்கு உதவாது, பென்ஷன் தொகைக்கு மட்டும்தான். இப்போதைய திட்டத்தில் இருப்பவர்களுக்கு முழுசாகச் சேர்ப்பதே 2014-லிருந்துதான். ஆறு மாசம் சேர்ந்தால் பெரும்பாலானோருக்குச் சராசரிச் சம்பளத்தில் அரை சதவீதம் கூடும், அவ்வளவுதான்.

வியாசர்பாடியிலிருந்து, மாநில அரசு:

எங்களுக்கு ஈட்டிய விடுப்பு 240 நாள் வரை காசு. மருத்துவ விடுப்பு மிச்சமிருந்தால் பைசா இல்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து:

எங்க அப்பா கதை வேற. மிச்ச லீவு இல்லை, எடுத்த லீவுதான் பிரச்சினை. அவரும் ரயில்வே. மஞ்சள் காமாலையில் 47 நாள் படுத்தபோது கணக்கில் லீவே இல்லை, சம்பளமில்லா லீவு ஆனது. டாக்டர் சர்டிபிகேட் இருந்தால் அந்த நாட்கள் பென்ஷன் சர்வீஸில் சேரும். சர்வீஸ் ரெஜிஸ்டரில் எழுதியவர் அதைக் குறிக்காமல் விட்டுவிட்டார்.

ரிட்டயராக நாலு மாசம் இருக்கும்போதுதான் தெரிந்தது. மொத்தம் 28 வருஷம், 4 மாசம், 10 நாள். 47 நாளைக் கழித்தால் 28 வருஷத்துக்கு மேல் உள்ள மிச்சம் மூணு மாசத்துக்குக் கீழே போய்விடும். மூணு மாசமாவது இருந்தால்தான் அரை வருஷமாக எடுப்பார்கள். கிராஜுவிட்டியில் ஒவ்வொரு அரை வருஷமும் கால் மாசச் சம்பளம். அப்பாவுக்குத் தூக்கமே போச்சு. அம்மாதான் டிரங்குப் பெட்டியில் பழைய ரேஷன் கார்டுக்கு அடியிலிருந்து அந்த டாக்டர் சர்டிபிகேட்டை எடுத்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது, சீல் மட்டும் தெளிவாக இருந்தது. மூணு தடவை அலைந்து எழுத வைத்தோம்.