உறுமி ஒலியை வைத்து மின்னிசை: எங்கே தொடங்குவது?

யீஷூன் மேளம்:
வணக்கம். எங்கள் குழு தைப்பூசத்துக்கு உறுமி வாசிக்கிறது. பயிற்சியின்போது கையடக்கக் கருவியில் பதிவுசெய்து வைத்திருக்கிறேன். வளைந்த குச்சி தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகலை அடிப்படையாக வைத்து மின்னிசை செய்ய ஆசை. மடிக்கணினியில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இருக்கிறது. மின்முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் பற்றி ஒன்றும் தெரியாது. பதிவை விசைப்பலகையில் வாசிக்கவைக்கும் சாம்ப்ளரில் ஏற்றினால் மேல் சுரங்களில் ஒலி குட்டையாகிக் கீச்சிடுகிறது. விசையைத் தட்டினால் ஒலியும் தாமதமாக வருகிறது. நண்பர்கள் ஆளுக்கொரு மென்பொருளை வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

தெம்பனிஸ் வாசி:
தாமதத்துக்கு மட்டும் சொல்கிறேன். ஒலி அமைப்பில் ‘பஃபர்’ அளவைப் பாருங்கள்; கணினி ஒலியை வெளியிடும் முன் சேர்த்துவைக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை அது. 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில், அது 1024 என்றால் அதனால் மட்டுமே 21 மில்லிவினாடிக்கு மேல் தாமதம். 128 என்றால் மூன்றுக்கும் குறைவு. தாள வாத்தியக்காரரின் கை அந்த வித்தியாசத்தை உடனே உணரும். விண்டோஸ் என்றால், தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ என்ற ஒலி டிரைவர் தேவை. வாசித்து முடித்து, கலவை செய்யும்போது அளவைக் கூட்டிக்கொள்ளலாம்.

மேடையிசை அக்கா:
தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மேடை நாடகங்களுக்கு இசையமைக்கிறேன். ஆயத்த ஒலிகளைப் புரட்டிப் புரட்டியே ஆர்வம் வற்றிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது நேரக்கூடாது.

முதலில் சாம்ப்ளர். ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் அது பதிவை இருமடங்கு வேகத்தில் ஓட்டுகிறது. நீளம் பாதியாகிறது, முனகலின் ஏற்றமும் இருமடங்கு வேகத்தில் ஓடிவிடுகிறது. ஆகவே ஒரே பதிவை எல்லா விசைகளுக்கும் இழுக்காதீர்கள். தாழ்ந்தும் உயர்ந்தும் பல தேய்ப்புகளைப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று விசைகள் மட்டும் கொடுங்கள்.

அடுத்தது சிந்தசைசர். வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி என்ற இரண்டு சிந்தசைசர் மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒன்றே போதும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒலி அலையை எழுப்பும் ஒரு ஆசிலேட்டர், அதில் ஒரு பகுதியை வடிகட்டும் ஒரு ஃபில்டர் மட்டும் வையுங்கள். ரம்பப்பல் அலையில் எல்லா மேற்சுரங்களும் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும், அதன் மடங்கான அதிர்வுகள்) உண்டு, சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஃபில்டரை மெல்ல மூடித் திறந்து பாருங்கள். பிறகு என்வலப், அதாவது ஒலி எப்படி எழுந்து, நின்று, அடங்குகிறது என்பதை அமைக்கும் பகுதி. நாகஸ்வரம் ஊதும்வரை நிற்கும், தவிலின் அடி எழுந்த உடனே அடங்கும். அந்த வேறுபாட்டைத்தான் நான்கு குமிழ்களில் திருகுகிறீர்கள்.

இனி உறுமிக்கு வாருங்கள். ஆசிலேட்டரின் சுருதியை ஒரு என்வலப்பால் கீழிருந்து மேலே ஏற்றுங்கள். குச்சியின் உரசலுக்காகச் சிறிது இரைச்சலை எடுத்து, நடு அலைவரிசையை மட்டும் விடும் ஃபில்டர் வழியாக அனுப்பிச் சேருங்கள். உங்கள் பதிவு ஒரு தடத்தில், இது இன்னொரு தடத்தில். மாற்றி மாற்றிக் கேட்டுத் திருத்துங்கள். அச்சு அசலாக வராது, வரவும் வேண்டாம். எந்தக் குமிழ் எதைச் செய்கிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும், அதுதான் வேண்டும்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுருதியின் அசைவை மிக வேகமாக்கினால் காது அதை அசைவாகக் கேட்காது, புதிய நாதமாகவே கேட்கும். 1967இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் ஜான் சௌனிங் கண்டது இது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசர் இதன்மேல்தான் நின்றது. கமகம் கேட்டு வளர்ந்த நமக்கு இதைவிட நெருக்கமான வாசல் எது?

யீஷூன் மேளம்:
மிக்க நன்றி அக்கா. பஃபரைக் குறைத்தேன், கைக்கு ஒலி வந்துவிட்டது. ஒரு சந்தேகம்: கண்ட நடை (ஓர் அடிக்கு ஐந்து) வாசிக்கும்போது திரையிலுள்ள கட்டங்களோடு அடி சேரவே மாட்டேன் என்கிறது.

மேடையிசை அக்கா:
கட்டம் நான்காகப் பிரிந்திருக்கும். ரீப்பரில் கட்ட அளவை 1/20 என்று தட்டுங்கள், ஒவ்வோர் அடியும் (முழுச் சுரத்தின் கால் பங்கு) ஐந்தாகப் பிரியும். ஆனால் உறுமியைக் கட்டத்தில் ஒட்டவைக்காதீர்கள்; சிந்தசைசர் தடத்தை மட்டும் ஒட்டவையுங்கள். முதல் துண்டு முடிந்ததும் இங்கே போடுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.