‘ஸப்பகாய’ என்றால் முழு உடம்பா, முழு மூச்சா?

பாலிப்பித்தன்:
மூச்சைக் கவனிக்கும் தியானம் பற்றிப் புத்தர் பேசிய ஆனாபானஸதி சுத்தத்தின் (சுத்தம் என்றால் பாலிமொழியில் புத்தர் பேருரை) மூன்றாம் படியில் வரும் ‘ஸப்பகாய’ என்பது “உச்சி முதல் பாதம் வரை முழு உடம்பு, இதில் பேச்சுக்கே இடமில்லை” என்று நேற்று ஒருவர் தீர்ப்பு எழுதியிருந்தார். இடமிருக்கிறது ஐயா. 5ஆம் நூற்றாண்டிலேயே விசுத்திமக்கம் என்ற தியான நூலில் உரையாசிரியர் புத்தகோசர் சொல்லிவிட்டார்: மூச்சின் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் தெளிவாகத் தெரியவேண்டும். மூச்சுதான் காயம்.

தெருவோரத்துறவி:
அந்த ‘ஒருவர்’ நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். காயம் என்றால் உடம்பு. பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

பாலிப்பித்தன்:
அப்போது பெருங்காயம் என்றால் பெரிய உடம்போ? அதே சுத்தத்தில், அதாவது மஜ்ஜிம நிகாயம் என்ற பேருரைத் தொகுப்பின் 118ஆம் சுத்தத்தில், உள்மூச்சும் வெளிமூச்சும் “காயங்களுள் ஒரு காயம்” என்று புத்தரே சொல்கிறார். படித்துவிட்டு வாருங்கள்.

மழைக்கால்:
காயங்களுள் ஒன்று என்றால் மற்ற காயங்களும் உண்டு என்றுதானே பொருள்? ‘ஸப்ப’ என்றால் எல்லாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூக்கு நுனி மூச்சில் மட்டும் மனத்தை வைக்கச் சொல்வது என்ன கணக்கு? எனக்குப் பத்து நிமிடத்தில் நெற்றி கனத்துவிடும்.

பாலிப்பித்தன்:
உங்கள் நெற்றிக்கு நான் பொறுப்பில்லை. மூச்சுதான் காயம்.

தெருவோரத்துறவி:
சரி, நான்காம் படிக்கு வாருங்கள். ‘காயசங்காரம்’, அதாவது காயத்தின் இயக்கம், அடங்கவேண்டும் என்கிறது. அந்தச் சொல்லுக்கே மூச்சு என்றுதான் அதே மஜ்ஜிம நிகாயத்தின் 44ஆம் சுத்தம் விளக்கம் தருகிறது. காயமும் மூச்சு, காயசங்காரமும் மூச்சு என்றால் மூச்சின் மூச்சையா அடக்குவது?

கச்சிக்காரன்:
புத்தகோசர் எங்கள் காஞ்சியில் இருந்தவர். அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?

தெருவோரத்துறவி:
கொஞ்சகாலம் தங்கினார் என்று அங்குத்தர நிகாயம் என்ற இன்னொரு தொகுப்புக்கு அவரே எழுதிய உரையின் முடிவில் வருகிறது. அதற்குள் ரேஷன் கார்டே வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். ‘அஸ்ஸாஸ’ உள்மூச்சா வெளிமூச்சா என்பதிலேயே வினயம் என்ற துறவி விதிகளின் உரை ஒருவிதமாகச் சொல்கிறது, சுத்தங்களின் உரைகள் நேர்மாறாகச் சொல்கின்றன. இதை எழுதிவைத்தவரும் உங்கள் புத்தகோசர்தான்.

பாலிப்பித்தன்:
பேச்சை மாற்றாதீர்கள். போன வருடம் இதே சுத்தத்தில் வரும் ‘பரிமுகம்’ என்ற சொல்லிலும் இப்படித்தான் நழுவினீர்கள். முகமா, முன்பக்கமா என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. நான் மறக்கவில்லை.

மழைக்கால்:
இவ்வளவு கோபத்தில் எந்த மூச்சைக் கவனிப்பது?

பாலிப்பித்தன்:
உங்களிடம் யாரும் கேட்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன்: 118.

தெருவோரத்துறவி:
44.