4 மி.மீ. அலுமினியம் லேசர் கட்டிங்: வெட்டு நீள நீள அடியில் பர் (ஓரப் பிசிறு) பிடிக்கிறது, உதவி தேவை

கேள்வி (ராணிப்பேட்டை சிப்காட்):
வணக்கம். எங்கள் பட்டறையில் 3 கிலோவாட் ஃபைபர் லேசர் ஓடுகிறது. எம்.எஸ். (சாதா இரும்பு), 1.5 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) இரண்டிலும் தொந்தரவே இல்லை. இப்போது 5052 ரக அலுமினியத்தில் பேனல் கவர் ஆர்டர். சிறு ஓட்டைகள் சுத்தமாக விழுகின்றன. வெளிச்சுற்றில் முதல் ஒரு அடி பளிச்சென்று வருகிறது, அப்புறம் அடியில் முள்முள்ளாகப் பர். அரம் போட்டாலும் லேசில் போவதில்லை. நைட்ரஜன் 14 பார், ஃபோகஸ் (ஒளி குவியும் இடம்) -2. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாயிற்று. சனிக்கிழமை டெலிவரி.

பதில் (ஆரணி):
ஆக்ஸிஜன் போட்டுப் பாருங்க சார்.

பதில் (காட்பாடி, ஜாப் ஒர்க்):
வேண்டாம் சார், ஓரம் கரடுமுரடாகிவிடும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகும். மேலே இருக்கும் ஆக்ஸைடு தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஷீட்டும் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால் உருகியது கீழே விழும் முன்பே உறைந்து ஒட்டிக்கொள்கிறது. அதை ஊதித் தள்ள நைட்ரஜன் அழுத்தம் கடைசி வரை நிற்க வேண்டும்.

ஆரம்பம் சுத்தமாக வருகிறது என்றால் செட்டிங் சரி, நடுவில்தான் ஏதோ மாறுகிறது. 14 பார் என்கிறீர்களே, அது சும்மா நிற்கும்போதா, வெட்டும்போதா? நீள வெட்டு ஓடும்போது பிரஷர் கேஜ் பக்கத்தில் ஒருவரை நிற்க வையுங்கள். புரொடெக்‌ஷன் கிளாஸையும் (லென்ஸைக் காக்கும் கண்ணாடி) கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொட்டளவு கறை இருந்தாலும் சூடேறி ஃபோகஸ் நகர்ந்துவிடும்.

கேட்டவர்:
கிளாஸ் சுத்தம் சார். கேஜ்தான்! வெட்டு ஓட ஓட 14லிருந்து 9க்கு இறங்கிவிடுகிறது. ஒரே சிலிண்டர், ஒரே ரெகுலேட்டர்.

பதில் (காட்பாடி, ஜாப் ஒர்க்):
அதேதான். எஸ்.எஸ். மெல்லிசு, சின்ன நாசில், காஸ் குறைவாகவே போகும், அதனால் இதுவரை தெரியவில்லை. நாலைந்து சிலிண்டரை மேனிஃபோல்டில் (பல சிலிண்டரை இணைக்கும் பொதுக் குழாய்) சேர்த்து, அதிக ஓட்டம் தரும் ரெகுலேட்டரும் அகலமான ஹோஸும் போடுங்கள். பியர்ஸிங் (வெட்டு தொடங்கும் துளை) முழுதாக விழுந்த பிறகே ஹெட் நகரட்டும். இல்லையென்றால் ஒளி ஷீட்டில் பட்டுத் திரும்பி லேசர் சோர்ஸையே கெடுத்துவிடும்.

பதில் (வாலாஜா):
அண்ணா, ஓட்டும் முன் டஸ்ட் கலெக்டரைச் சுத்தம் பண்ணிடுங்க. அலுமினியத் தூளும் எம்.எஸ். வெட்டின தூளும் ஒன்றாகச் சேரவே கூடாது, ஒரு பொறி போதும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீங்க, ஹைட்ரஜன் கிளம்பும். நன்றாகக் காய்ந்த மணலோ, உலோகத் தீக்கான டி வகை உலர் தூள் அணைப்பானோ மிஷின் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆபரேட்டர் தம்பிகளிடமும் இதைச் சொல்லிவையுங்க.